நாயைத் தொடாத ஊரும் நாய்க்கடியில் போன பிள்ளையும்



மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் ஜமாஅத்துக்கு ஊராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரிலுள்ள நாய்கள் அனைத்துக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவர் ஒருவரும் உதவியாளர் இருவரும் வரவிருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குத் தெற்கே வேலியிட்டுக் கிடக்கும் வக்ஃபு மைதானத்தை ஒரு நாள் காலை மூன்று மணி நேரம் தந்துதவ வேண்டும் என்பதே அதன் சாரம். ஊரில் வேலியுள்ள வெட்டவெளி அது ஒன்றுதான். அவிழ்த்துக்கொண்டு ஓடும் நாயைத் திரும்பப் பிடிக்க வேலி வேண்டுமே என்று கேட்டிருந்தார்கள்.

நிர்வாகக் குழுவில் நாங்கள் ஏழு பேர். கடிதத்தை நான் வாசித்து முடிக்கும் முன்பே பதில் தயாராகிவிட்டது. “நாயைக் கூட்டிவந்து பள்ளிவாசல் ஓரத்தில் கட்டுவதா? தொழ வருகிறவர் உடுப்பில் பட்டால் யார் பொறுப்பு?” என்றார் ஒருவர். “நாய் வளர்ப்பதே நம் தெருக்களில் இல்லை. வளர்க்கிறவர்கள் பாடு அது” என்றார் மற்றொருவர். மூன்றாமவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: “ஊசி எதற்கு? நாலு பேரைவிட்டு அடித்துப் போட்டால் தீர்ந்தது.” முத்தவல்லி என்னைப் பார்த்தார். நான் செயலாளர். ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல், “மார்க்க காரணங்களை முன்னிட்டு இயலாமைக்கு வருந்துகிறோம்” என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். முகாம் ஊரின் மறுகோடியில், சாலை முக்கில் நடந்தது. எங்கள் தெருக்களின் நாய்கள் ஒன்றும் அங்கே போகவில்லை.

பத்து மாதங்கள் கழித்து ரமளான் மாதம். எங்கள் தெருப் பிள்ளை ஒருவன், ஒன்பது வயது, அவ்வாண்டுதான் நோன்பு பிடிக்கத் தொடங்கியிருந்தான். ஓர் அந்தியில் நோன்பு திறக்க நன்னி நீட்டிய தண்ணீர்க் குவளையைக் கண்டதும் அவன் உடல் உதறியது. வாயருகே கொண்டுபோனால் தொண்டை இறுகியது. மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலும் அலறினான். ஜின் கோளாறு என்று சொல்லி ஓதிப் பார்க்க ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் ஓதி ஊதிய தண்ணீரையும் பிள்ளையால் குடிக்க முடியவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனை. நான்காம் நாள் ஜனாஸா. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அடக்கம் முடிந்த பிறகே அவனுடைய கூட்டாளி வாய் திறந்தான். இரண்டு மாதங்களுக்கு முன், மக்தப் விட்டு வரும் வழியில் மதகடியில் கிடந்த ஒரு நாய்க்குட்டிக்கு இருவருமாக ரொட்டித் துண்டு போட்டிருக்கிறார்கள். குட்டி விரலைக் கவ்வியது. இரண்டு பொட்டு இரத்தம். “வீட்டில் சொல்லாதே, நாயைத் தொட்டேன் என்று நன்னி அடிப்பார்கள், ஏழு தடவை மண் போட்டுத் தேய்ப்பார்கள்” என்று இவன் அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். குளத்துப் படியில் தானே கையைக் கழுவிக்கொண்டு, முள் குத்தியது என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். அந்தக் குட்டியைச் சில நாட்களுக்குப் பின் யாரும் பார்க்கவில்லை.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். தகுதி இல்லை. கடமை இருக்கிறது. எழுத வேண்டியவற்றை மென்று விழுங்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் மறுப்புக்கு நாங்கள் காட்டிய அந்த “மார்க்க காரணத்தை” எடுத்துக்கொள்வோம். தமிழகக் கரையோர ஊர்களில் நம்மில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். நாய் கடும் நஜீஸ், ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீராக இருக்க வேண்டும் என்பது அம்மத்ஹபின் தீர்ப்பு. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அதே ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் அடுத்த வரியை நாம் ஏன் மறந்தோம்? உலர்ந்தது உலர்ந்ததைத் தொட்டால் நஜீஸ் ஒட்டாது. ஒட்டினாலும் கழுவினால் போகும். நஜீஸ் என்பது கழுவித் தூய்மையாகும் ஒரு நிலை. அதைத் தொட்டவன் பாவியாகிவிடுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் நாயின் உமிழ்நீர்தான் அசுத்தம், உடல் அன்று. மாலிக்கி மத்ஹபிலோ உயிருள்ள நாய் தூய்மையானது என்றே கருத்து. கையுறை அணிந்த ஒருவர் நாயின் பிடரித் தோலைப் பிடித்து ஊசி போடுவதை எந்த மத்ஹபு தடுத்தது?

பள்ளிவாசலுக்கு வெளியே கிடக்கும் மைதானத்தைப் பற்றியல்லவா எங்களுக்கு அவ்வளவு பதற்றம்? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே வந்து போய்க்கொண்டிருந்தன, அதற்காக அங்கே தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் இருக்கவில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில், உளூ பற்றிய பகுதியில் இருக்கிறது. உலர்ந்த நிலையில் வந்து போனதையே அது குறிக்கும் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். அந்த விளக்கத்தையே ஏற்றுக்கொள்வோம். மஸ்ஜிதுந் நபவிக்குள் உலர்ந்த நாய் நடந்தபோது நேராத தீங்கு, எங்கள் ஊர் வக்ஃபு மைதானத்துப் புழுதியில் கயிற்றோடு நிற்கும் நாயால் நேர்ந்துவிடுமா?

அடுத்தது “அடித்துப் போடு” என்னும் கட்சி. இதற்கும் ஹதீஸ் காட்டுவார்கள். மதீனாவில் ஒரு காலகட்டத்தில் நாய்களைக் கொல்லும்படி கட்டளை பிறந்தது உண்மை. பிறகு அது நிறுத்தப்பட்டதும் உண்மை. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் வருவதை அவர்கள் வாசிப்பதில்லை. இஹ்ராமிலும் கொல்ல அனுமதிக்கப்பட்டவற்றுள் கடித்துக் குதறும் நாய் ஒன்று. வெறிபிடித்த நாயையும் கடித்துக் குதறும் நாயையும் கொல்லலாம் என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள், தீங்கு செய்யாத நாயைப் பற்றியே கருத்து வேறுபாடு என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் குறிப்பிடுகிறார்கள். தீங்கற்ற நாயைக் கொல்வது இறுதியில் தடுக்கப்பட்டுவிட்டது என்று இமாமுல் ஹரமைன் அவர்களின் கருத்தையும் அங்கேயே எடுத்துக்காட்டுகிறார்கள். வெறிநாய் எது, வெறும் நாய் எது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துப் பார்த்த மார்க்கம் இது. தடியும் விஷமும் எடுத்துக் கிளம்பும் நமக்கு அந்தப் பிரிவினை தெரியவில்லை.

மார்க்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கொன்றால் நோய் போகிறதா என்று மட்டும் பாருங்கள். போவதில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2008-இன் இறுதியில் வெறிநோய் தலைகாட்டியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களைக் கொன்றார்கள். நோய் தீவு முழுவதும் பரவியதுதான் மிச்சம். நாய் போன வீட்டார் வேறு ஊரிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றோடு நோயும் பயணம் செய்தது. ஊசி போடப்பட்ட நாய்களும் கொலைகாரர் கையில் மடிந்தன. பிறகு தீவளாவிய தடுப்பூசி இயக்கம் தொடங்கிய பின்னரே மரணங்கள் இறங்கின. இதில் மருமம் ஒன்றும் இல்லை. தெருவில் குப்பையும் எலும்பும் இருக்கும்வரை அதற்கேற்ற எண்ணிக்கையில் நாய்களும் இருக்கும். இருந்த நாயைக் கொன்றால் அந்த இடத்துக்குப் புதிய நாய் வரும். அது ஊசி போடாத நாய். ஊசி போட்ட நாயோ நோய்க்கும் நம் பிள்ளைக்கும் இடையே நிற்கும் வேலி.

இந்த வேலிக்கணக்கை நம் மக்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெறிநோய் பரவுவதில் மிக வேகமானதன்று. அம்மை ஒருவரிடமிருந்து பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தாவும். வெறிபிடித்த ஒரு நாய் சாவதற்குள் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. ஆகவே ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால், மீதி முப்பதைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டாலும், நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எழுபது என்றால் எழுபதுதான். முப்பது நாய்க்கு ஊசி போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் முகாமால் பயன் இல்லை. தெருநாயின் ஆயுள் குறைவு, ஆண்டுதோறும் புதிய குட்டிகள் பிறக்கின்றன. ஆகையால் ஆண்டுதோறும் போட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கோடி நாய்களுக்குப் போட்டு மறுகோடி நாய்களை விட்டார்கள். விட்டதற்குக் காரணம் என் கையெழுத்து.

“அந்தக் குட்டி அப்போது பிறந்தே இருக்காது, முகாம் நடந்திருந்தாலும் அதற்கு ஊசி கிடைத்திருக்காது” என்று ஒரு நண்பர் எனக்கு ஆறுதல் சொன்னார். உண்மை. ஆனால் குட்டிக்கு நோய் வானத்திலிருந்து வரவில்லை. அதைக் கடித்த ஒரு பெரிய நாய் இருந்தது; அதைக் கடித்தது வேறொன்று. அச்சங்கிலியில் ஏதாவதொரு கண்ணி அன்று எங்கள் தெருக்களில்தான் படுத்துக் கிடந்திருக்கக்கூடும். அந்தக் கணக்கைத் தீர்க்க என்னால் முடியாது, நண்பராலும் முடியாது.

“இது அரசாங்கத்தின் வேலை” என்பவர்களுக்கும் ஒரு சொல். அரசாங்கத்தின் வேலைதான். 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பது என்று 2021-இல் ஒன்றிய அரசு தேசியச் செயல்திட்டமே அறிவித்திருக்கிறது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 5,700 பேருக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் ஆய்வு அண்மையில் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் பதிவான நாய்க்கடிகள் 4.8 இலட்சம், வெறிநோய் மரணங்கள் 43. குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கி, நூறாண்டுக்கும் மேலாக இந்நோய்க்கு மருந்து கையில் இருக்கும் மாநிலம் இது. அரசாங்கத்தின் குறையை எழுத வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டுரை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் அரசாங்கம் கதவைத் தட்டியது. கதவைத் திறக்காதவர்கள் நாங்கள்.

முஸ்லிம்களால் ஆகாத காரியமா இது? வங்காளதேசத்தைப் பாருங்கள். 2010-க்கு முன் அங்கே ஆண்டொன்றுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வெறிநோயால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். உலகிலேயே மிக மோசமான நிலையில் இருந்த நாடுகளுள் ஒன்று. அங்கும் பல காலம் நகராட்சிகள் நாய்களைக் கொன்று குவித்துக்கொண்டுதான் இருந்தன. பிறகு அரசு வழியை மாற்றியது. கடிபட்டவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவச ஊசி. மறுபக்கம் மாவட்டம் மாவட்டமாக நாய்களுக்குத் தடுப்பூசி. அதிகாலையில் வலைகளோடு குழுக்கள் கிளம்பும். நாயை வலையில் மடக்கி ஊசி போட்டு, மீண்டும் பிடிக்காமலிருக்க உடலில் ஒரு வண்ணப் பூச்சு இட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். சில ஆண்டுகளுக்குள் மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. பாங்கொலி கேட்டு விழிக்கும் கிராமங்களில், சுப்ஹு தொழுதுவிட்டு வந்த இளைஞர்கள் அந்த வலையைப் பிடித்தார்கள். நம்மைவிட ஏழை நாடு. நம்மைவிட மார்க்கத்தில் குறைந்தவர்கள் என்று சொல்ல யாருக்கும் துணிவிருக்காது.

கடல் தாண்டி நம் மொழி பேசும் முஸ்லிம்கள் வாழும் இலங்கையிலும் இதே கதைதான். 1973-இல் 377 பேரை வெறிநோய்க்குப் பறிகொடுத்த அந்நாடு, நாய்களுக்கான இலவசத் தடுப்பூசியைத் தொடர்ந்து நடத்தி, இப்போது அந்த எண்ணிக்கையைச் சில பத்துகளுக்குக் குறைத்திருக்கிறது. நம் நாட்டிலேயே கோவா மாநிலம் எழுபது விழுக்காட்டு இலக்கை மாநிலம் முழுவதும் எட்டிய பின் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் ஒரு மனித மரணமும் அங்கே பதிவாகவில்லை.

தெருநாய்ப் பிரியர் பட்டியலில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். சுப்ஹுக்கு இருட்டில் நடந்துபோகும் முதியவரை நான்கைந்து நாய்கள் சூழ்ந்துகொள்ளும் அச்சம் எனக்கும் தெரியும். எங்கள் முஅத்தின் கையில் தடியில்லாமல் வாசற்படி இறங்குவதில்லை. நாய்க்கு நகரத்தில் சோறு போட்டுவிட்டு, கடிபட்ட ஏழைப் பிள்ளையின் வீட்டை எட்டிப் பார்க்காத கூட்டத்தின் மீது எனக்கும் கோபம் உண்டு. தடுப்பூசி போட்ட நாய் குரைக்காது என்றோ கடிக்காது என்றோ நான் சொல்லவில்லை. கடிக்கும். ஆனால் அந்தக் கடியில் பிள்ளை சாகாது. கடியைக் குறைக்கக் கருத்தடை வேண்டும், அதற்குப் பணமும் கூடமும் ஆண்டுகளும் வேண்டும். சாவை நிறுத்தவோ ஒரு காலைப் பொழுதும், மொத்தமாக வாங்கினால் நாயொன்றுக்குச் சில பத்து ரூபாய் மருந்தும் போதும். கடிபட்ட மனிதருக்குப் பிறகு போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் மருந்து வெளிக்கடையில் ஆயிரக்கணக்கில் விற்கிறது. பல சிற்றூர்களில் கிடைப்பதே இல்லை.

நாய்கள் பெருகுவதில் நமக்குப் பங்கில்லையா? இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், வரட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மாலை நம் தெருக்களைப் பாருங்கள். குர்பானி ஆடுகளின் குடலும் இரைப்பையும் குளத்தங்கரையில், காலி மனையில், வாய்க்கால் ஓரத்தில் கிடக்கின்றன. நம்மவர் நடத்தும் கோழிக்கடைக் கழிவு நாள்தோறும் மூட்டை மூட்டையாக மதகடியில் விழுகிறது. அந்தப் பிள்ளை குட்டியைப் பார்த்தானே, அதே மதகடி. நாயின் நிழல் பட்டாலும் முகம் சுளிக்கும் நாம்தான் அதற்கு ஆண்டு முழுதும் விருந்து வைக்கிறோம். பாதையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மிம்பரில் கேட்டுவிட்டு, அதே பாதையில் குடலை வீசுகிறோம். ஆழக் குழிவெட்டிப் புதைக்க ஒரு ஜமாஅத்துக்கு எத்தனை ஆள் கூலி ஆகும்?

தவக்குலைக் காரணம் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். “ஆயுள் அவ்வளவுதான், பிள்ளை சுவனத்துப் பறவை” என்று உம்மாவிடம் சொன்னார்கள். பிள்ளையை இழந்த தாய்க்கு அந்த ஆறுதல் வேண்டும்; அதை நான் பறிக்க மாட்டேன். ஆனால் அதே சொல்லை நிர்வாகக் குழுவில் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் படையைத் திருப்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. விதியிலிருந்து விலகி விதியின் பக்கமே செல்வதாக அவர்கள் தந்த மறுமொழி எந்த மதரஸா மாணவனுக்கும் தெரியும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம், நாயை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லியிருக்குமா?

இனி வீடுகளில் பேச வேண்டியது. உம்மாமார்களும் நன்னிமார்களும் இந்தப் பகுதியைக் கருத்தூன்றிப் படியுங்கள்.

நாயைத் தொட்டதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். உலக அளவில் சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்கள். அவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும். “நஜீஸ், நஜீஸ்” என்று நாம் கத்திய கத்தலில் ஒரு பிள்ளை வாய்மூடிச் செத்தது. கடித்தால், பிறாண்டினால், புண்ணில் நக்கினால் உடனே வந்து சொல், யாரும் ஏசமாட்டோம் என்று இன்றே சொல்லி வையுங்கள். சிறு குட்டிதானே என்று எண்ண வேண்டாம். குட்டிக்கும் வெறிநோய் வரும். கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அந்தக் கிருமியின் மேலுறையைச் சோப்பு அழிக்கும். ஏழு முறை கழுவச் சொன்ன சமுதாயத்துக்குப் பதினைந்து நிமிடம் கழுவுவது சிரமமாக இருக்கக் கூடாது. ஆனால் திறந்த புண்ணில் மண்ணைத் தேய்க்க வேண்டாம். காயமுள்ளவருக்கு மார்க்கம் தரும் சலுகை என்ன என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓதி ஊதுவதை நான் தடுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்து ஓதுங்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சத்தை இன்னும் பலர் சுமக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை நம் நாடு கைவிட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் சிறிய ஊசி: கடித்த அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். இலவசம். இரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் கேட்டுப் பெறுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். கிருமி நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்ல ஊர்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள். அந்த அவகாசம் அல்லாஹ்வின் அருள். மூளையை எட்டிவிட்டால் எந்த மருத்துவமனையிலும் மருந்து இல்லை.

இன்னொன்று. நாய் இல்லாத நம் வீடுகளில் பூனை இருக்கிறது. வீட்டைச் சுற்றிவரும் தூய பிராணி என்று பாயிலும் படுக்கவைக்கிறோம். அந்தப் பூனை இரவில் தெருவுக்குப் போகிறது, நாயிடம் கடிபட்டு வருகிறது. பூனைக்கும் வெறிநோய் வரும், பூனைக் கடியாலும் மனிதர் சாவார்கள். பூனைக்கு ஊசி போட நஜீஸ் என்ற சாக்கும் நமக்குக் கிடையாது. எத்தனை வீடுகளில் போட்டிருக்கிறோம்?

தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை நாம் ஆண்டுதோறும் பயானில் கேட்கிறோம். கண்ணீர் விடுகிறோம். ஒரு நாய்க்கு ஊசி போட ஒரு மைதானத்தை மூன்று மணி நேரம் கேட்டபோது கொடுக்கவில்லை. அதில் காக்கப்பட்டிருக்க வேண்டியது நாய்கூட அன்று; ஒரு முஸ்லிம் பிள்ளையின் உயிர். ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பது போன்றது என்ற மாயிதா அத்தியாயத்துப் போதனையைப் பள்ளிவாசல் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம். அந்தச் சட்டத்தின் கீழ்தான் அன்று நாங்கள் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. கால்நடை மருந்தகத்துக்கும் ஊராட்சிக்கும் ஜமாஅத் முத்திரையிட்டு நாமே முதலில் கடிதம் எழுதலாம். முந்தைய வெள்ளி ஜும்ஆவில் இமாம் இரண்டு நிமிடம் அறிவிக்கலாம். எந்த நாய் எந்தத் திண்ணையில் படுக்கும், எந்த வீட்டு மிச்சத்தைத் தின்னும் என்பது தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு ஒரு கணக்கெடுக்கலாம். ஆனால் பிள்ளைகளை நாய் பிடிக்க அனுப்பக் கூடாது. நாயைப் பிடிப்பவர் தாம் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டவராக இருக்க வேண்டும். வெயில் ஏறினால் நாய்கள் ஒதுங்கிவிடும் என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும். சுப்ஹு முடித்து வருகிற நம் இளைஞர்களைவிட அந்த நேரத்துக்கு வாகானவர் யார்?

இவ்வாண்டும் ஊராட்சியிலிருந்து அதே கடிதம் வந்திருக்கிறது. அதே மைதானம், அதே மூன்று மணி நேரம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகக் குழு கூடுகிறது. நான் இப்போது செயலாளர் இல்லை. ஆயினும் பொது உறுப்பினர் என்ற முறையில் பேச நேரம் கேட்டிருக்கிறேன். பழைய தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துப் போகிறேன். அந்தப் பிள்ளையின் வாப்பா சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறார். கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். அந்த மறுப்புக் கடிதத்தை எழுதியவன் நான்தான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.